ஒரு குறளைக் கையில் எடுத்துக்கொண்டு யாப்பு பழகுவது எப்படி?

'அலகிட்டு வாய்பாடு எழுதுக', அதாவது செய்யுளை ஓசைத் துண்டுகளாகப் பிரித்து அவற்றின் பெயரை எழுதுக, என்ற கேள்வியைச் சந்திக்காமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி, தேர்வு முடிந்த மறுநாளே பெரும்பாலோர் மறந்திருப்பார்கள். அதில் வியப்பில்லை. பெயர்களைச் சொல்லித் தருவதற்கு முன்னால் ஓசையைக் காதில் விழ வைக்க வேண்டும், பள்ளியில் அதற்கு நேரம் இருப்பதில்லை. யாப்பு, அதாவது செய்யுள் கட்டும் முறை, பழக இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் காது, அப்புறம் பெயர்.

ஒரு தாள், ஒரு பேனா, ஒரு திருக்குறள் புத்தகம் இருந்தால் போதும். குறளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரு குறளில் மொத்தம் ஏழே சீர்கள். 1330 பாடல்களும் ஒரே வகை, குறள் வெண்பா. தமிழ்ப் பாக்களிலேயே மிகவும் கறாரான விதிகள் வெண்பாவுக்குத்தான். அதில் கை பழகிவிட்டால் மற்றவை பெரும்பாலும் சலுகைகளாகத்தான் தெரியும்.

யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பிலக்கண நூல் செய்யுளின் உறுப்புகளை ஆறாகச் சொல்கிறது: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீரும் சீரும் கட்டுப்படுவது தளை, சீர்கள் வரிசையாக நின்றால் அடி, அடிகளுக்குள்ளும் அடிகளுக்கு இடையிலும் ஒலி ஒத்து வந்தால் தொடை. இந்த வரிசையிலேயே போவோம்.

முதல் படி: வாய்விட்டுப் படிப்பது

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

பொருளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். சீர் சீராக நிறுத்தி நான்கைந்து முறை உரக்கப் படியுங்கள். முதல் அடியில் நான்கு இடங்களில் குரல் தானாக நிற்கும். இரண்டாம் அடியில் மூன்றுதான். கடைசியில் 'தக' என்று வெட்டினாற்போல முடியும். அந்த வெட்டு வெண்பாவின் அடையாளம். ஈற்றடி மூன்று சீராகக் குறைவதும், கடைசிச் சீர் ஓரசை அளவில் குறுகி நிற்பதும் சேர்ந்துதான் அந்த முடிவைத் தருகின்றன.

மனத்துக்குள் படித்தால் இது பிடிபடாது. பக்கத்தில் ஆள் இருந்தால் கூச்சமாக இருக்கும், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: அசை பிரிப்பது

அசைகள் இரண்டே வகை: நேர், நிரை. இலக்கண நூல்கள் எட்டு அமைப்புகளைச் சொல்லும். அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சீரின் முதல் எழுத்திலிருந்து இப்படிப் பாருங்கள்.

எழுத்து நெடிலா? அங்கேயே நிறுத்துங்கள். பின்னால் புள்ளி வைத்த எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நேர்.

எழுத்து குறிலா? அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது புள்ளி எழுத்து என்றால் சேர்த்துக்கொண்டு நிறுத்துங்கள், நேர். புள்ளி இல்லாத எழுத்து என்றால், குறிலோ நெடிலோ, அதையும் இழுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் புள்ளி எழுத்து வந்தால் அதுவும் சேரும். அது நிரை. குறிலுக்குப் பின் சீரில் எழுத்தே இல்லையென்றால் அந்தத் தனிக் குறில் நேர்.

அவ்வளவுதான். புள்ளி எழுத்துக்குத் தனிக் கணக்கு கிடையாது, எப்போதும் முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்தைக் குறிலாகக் கொள்ள வேண்டும். இது தெரியாமல் தடுமாறுபவர்கள் நிறைய.

நம் குறளில் செய்து பார்ப்போம்.

கற் / க: நேர் நேர்
கச / டறக்: நிரை நிரை
கற் / பவை: நேர் நிரை
கற் / றபின்: நேர் நிரை
நிற் / க: நேர் நேர்
அதற் / குத்: நிரை நேர்
தக: நிரை

மூன்றாம் படி: சீருக்குப் பெயர்

இப்போது அந்தப் பழைய மரங்கள் வரலாம். நேர் நேர் என்றால் தேமா. நிரை நேர் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம். இந்தப் பெயர்களையே அலகிட்டுப் பாருங்கள்: தே/மா நேர் நேர், புளி/மா நிரை நேர். பெயரே தன் அளவைச் சொல்கிறது. ஆகவே மறந்துபோனாலும் பெயரைப் பிரித்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வாய்பாட்டை யார் முதலில் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய்: தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். இன்னொரு நிரை சேர்ந்தால் கனி. வெண்பாவில் கனிக்கு இடமே இல்லை என்பதால் இப்போதைக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் தனியாக நான்கு வாய்பாடுகள்: நாள் (நேர்), மலர் (நிரை), காசு, பிறப்பு. பின்னிரண்டும் நேரோடும் நிரையோடும் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டவை. 'தக' மலர். முதல் குறளின் கடைசிச் சொல்லான 'உலகு' பிறப்பு.

நான்காம் படி: தளை, அதாவது உண்மையான விளையாட்டு

ஒரு சீரின் கடைசிக்கும் அடுத்த சீரின் தொடக்கத்துக்கும் உள்ள உறவுதான் தளை. வெண்பாவுக்கு மூன்றே விதிகள்:

மா முன் நிரை.
விளம் முன் நேர்.
காய் முன் நேர்.

'முன்' என்றால் இங்கே அடுத்து வருவது என்று கொள்ளுங்கள். மாச்சீரை அடுத்து வரும் சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து வருவது நேரில் தொடங்க வேண்டும். நம் குறளைப் பாருங்கள். 'கற்க' மா, அடுத்து 'கச' நிரை. 'கசடற' விளம், அடுத்து 'கற்' நேர். 'கற்பவை' விளம், அடுத்தும் 'கற்' நேர். முதல் அடியின் கடைசிச் சீரான 'கற்றபின்' விளம், அடுத்த அடி 'நிற்' என்று நேரில் தொடங்குகிறது. 'நிற்க' மா, 'அதற்' நிரை. 'அதற்குத்' மா, 'தக' நிரை. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. அடி மாறினாலும் தளை அறுபடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பழகத் தொடங்குபவர்கள் முதலில் கோட்டைவிடுவது அந்த அடி எல்லையில்தான்.

விதி கெட்டால் 'தளை தட்டுகிறது' என்பார்கள். கொஞ்ச நாள் பழகிய காதுக்கு நடையில் கல் இடறுவது போல அது கேட்கும்.

காய்ச்சீர் எப்படி வருகிறது என்று பார்க்க இன்னொரு குறள்:

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு

யார்/யார்/வாய்க் என்பது தேமாங்காய். அடுத்து 'கேட்' நேர், சரி. ஆனால் இந்தக் குறளை இங்கே காட்ட முக்கியக் காரணம் ஈற்றடி. 'காண்பது அறிவு' என்பதுதான் சொல். பதம் பிரித்து அச்சிட்ட புத்தகங்களிலும் இணையத்திலும் அப்படித்தான் இருக்கும். அதை அலகிட்டால் 'காண்பது' கூவிளம், அடுத்து 'அறிவு' நிரையில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. வள்ளுவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம்! 'காண்ப தறிவு' என்று சீர் பிரித்தால் காண்/ப தேமா, 'தறி' நிரை. பொருந்திவிட்டது. சொல் ஓரிடத்தில் முடிய, சீர் வேறிடத்தில் முடிவதை வகையுளி என்பார்கள். அதனால் அலகிடும்போது சீர் பிரித்த பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பார்க்கும்போது பதம் பிரித்ததைப் பாருங்கள். இரண்டையும் கலந்தால் தலைவலிதான்.

'நல்ல படாஅ பறை' என்ற குறளடியில் அந்தக் கூடுதல் 'அ' எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். வெறும் 'படா' என்றால் அது ஒரே நிரையசை. செய்யுளின் நடுவில் ஓரசை நின்றால் சீர் நிரம்பாது. 'படாஅ' என்று நீட்டியதும் படா/அ என்று புளிமா கிடைத்துவிடுகிறது. இதுதான் செய்யுளிசை அளபெடை. ஆனால் 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு' என்ற இடத்தில் கதை வேறு. அங்கே 'கெடுப்பதும்' என்றே விட்டிருந்தாலும் கருவிளம், அடுத்து நேர், தளை சரியாகவே இருக்கும். காதுக்கு இனிமைக்காக மட்டும் நீட்டியது அது, இன்னிசை அளபெடை. யாப்புக்காக நீட்டியது எது, ஆசைக்காக நீட்டியது எது என்று அலகிடத் தெரிந்தவரால் மட்டுமே சொல்ல முடியும்.

ஐந்தாம் படி: எதுகையும் மோனையும்

அடியின் முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை: கற்க, நிற்க. ஒரே அடிக்குள் சீர்களின் முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' நான்கு சீரிலும் ககரம், முற்று மோனை. எப்போதும் இவ்வளவு தேவையில்லை. முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒத்தால் அதுவே நல்ல ஓசை தரும்.

மோனையில் கொஞ்சம் தாராளம் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் ஒத்துக்கொள்ளும். எதுகையிலும் சின்னச் சலுகை உண்டு. 'எப்பொருள்', 'மெய்ப்பொருள்' இரண்டுக்கும் நடுவே யகர ஒற்று ஒன்று கூடுதலாக நிற்கிறது அல்லவா? ய், ர், ல், ழ் இப்படி இடையில் வந்தால் மன்னிப்பு, அதற்கு ஆசிடை எதுகை என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆறாம் படி: ஒன்று எழுதிப் பார்ப்பது

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். காலையில் மழை, வீட்டில் பால் இல்லை, கடைக்கு ஓட்டம். இதைக் குறள் வெண்பாவாக்க முடியுமா?

காலையில் மழையில் கடைதேடி ஓடினேன்
வீட்டில்பால் தீர்ந்த பிறகு

அலகிடுவோம். கா/லையில்: நடு ஐகாரம் குறில், ஆகவே நேர் நிரை, கூவிளம். அடுத்து 'மழை' நிரை. விளம் முன் நேர் வர வேண்டுமே! முதல் இடத்திலேயே தட்டுகிறது. 'காலை மழையில்' என்று மாற்றினால் கா/லை தேமா, அடுத்து நிரை, சரியாகிவிடும். 'இல், இல்' என்ற இரட்டிப்பும் போய் வரி சுத்தமாகிறது. மழை/யில் புளிமா, அடுத்து 'கடை' நிரை. கடை/தே/டி புளிமாங்காய், அடுத்து 'ஓ' நேர். ஓ/டினேன் கூவிளம், அடுத்து 'வீட்' நேர். வீட்/டில்/பால் தேமாங்காய், அடுத்து 'தீர்ந்' நேர். தீர்ந்/த தேமா, அடுத்து 'பிற' நிரை. 'பிறகு' பிறப்பு வாய்பாட்டில் முடிகிறது. தளை எல்லாம் சரி.

ஆனால் எதுகை இல்லை. 'காலை', 'வீட்டில்' ஒட்டவில்லை. 'காலை' போல நெடிலில் தொடங்கி இரண்டாம் எழுத்து லகரமாக வரும் சொல் வேண்டும். பாலே கையில் இருக்கிறது:

காலை மழையில் கடைதேடி ஓடினேன்
பாலும் முடிந்த பிறகு

பா/லும் தேமா, அடுத்து 'முடிந்' நிரை, முடிந்/த புளிமா, அடுத்து 'பிற' நிரை. காலை, பாலும் எதுகை. காலை, கடைதேடி முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை. இலக்கணப்படி இது முழுக் குறள் வெண்பா. கவிதையா என்று கேட்டால், அது வேறு வழக்கு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஓசைக்காக வந்த 'உம்', 'பாலும்' என்றதும் வீட்டில் வேறு என்னவெல்லாமோ முன்பே தீர்ந்துவிட்டது என்ற பொருளையும் கொண்டுவந்துவிட்டது. நல்ல செய்யுளில் கட்டுப்பாடு இப்படிப் பொருளைத் தேடித் தரும். மோசமான செய்யுளில் 'உம்', 'தான்', 'ஏ' என்று ஓட்டை அடைக்கும். உங்கள் வரியில் எது நடந்திருக்கிறது என்று நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்க 'அவலோகிதம்' என்ற மென்பொருள் இருக்கிறது. வரியைக் கொடுத்தால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். கையால் அலகிட்ட பிறகே அதைத் திறப்பது நல்லது. இல்லையென்றால் காது எப்போதும் பழகாது.

மற்ற பா வகைகள்

குறள் வெண்பா வந்துவிட்டால் நேரிசை வெண்பா பக்கத்தில்தான். நான்கு அடி, இரண்டாம் அடியின் கடைசிச் சீர் எதுகையோடு தனிச்சொல்லாக நிற்கும். 'பாலும் தெளிதேனும்' என்ற ஔவையார் பாட்டில் 'கோலஞ்செய்' அப்படி நிற்கிறது. தளை விதி அதேதான்.

ஆசிரியப்பாவுக்கு அகவல் என்றும் பெயர். சங்கப் பாடல்களில் பெரும்பகுதி இதில்தான். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற குறுந்தொகைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யா/யும் தேமா, அடுத்து 'ஞா' நேர். வெண்பாவில் தவறாக இருக்கும் மா முன் நேர் இங்கே இயல்பு. விளம் முன் நிரையும் அப்படியே. வெண்பாத் தளையும் இடையிடையே வரலாம். அந்தத் தளர்ச்சியால்தான் அகவல் பேச்சுக்கு நெருக்கமாக, நீளமாக ஓடுகிறது. அதே பாட்டில் கடைசிக்கு முந்தைய அடியான 'செம்புலப் பெயல்நீர் போல' மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. ஒரு மூச்சு குறைந்து, பிறகு 'அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே' என்று நான்கு சீரில் ஏகாரத்தோடு இறங்கும்.

கலிப்பாவுக்குத் துள்ளல் ஓசை, காய் முன் நிரை வருவது அதன் தளை. வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் ஓசை, நாம் ஒதுக்கிவைத்த கனிச்சீர் அங்கேதான் வரும். தொடங்குபவர்கள் இவ்விரண்டிலும் இப்போதே நேரம் செலவிட வேண்டியதில்லை. கலித்தொகையும் பட்டினப்பாலையும் படிக்கும்போது திரும்பி வந்தால் போதும்.

ஆனால் விருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. கம்பர் இராமாயணத்தைப் பாடியது விருத்தங்களில். இங்கே தளையை விட, ஒவ்வோர் அடியும் ஒரே அச்சில் வருவதுதான் முக்கியம்.

உலகம் யாவையும் தாம்உள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவ ரன்னவர்க் கேசரண் நாங்களே

அலகிட்டுப் பாருங்கள். நான்கு அடியிலும் முதல் சீர் புளிமா, மற்ற மூன்றும் கூவிளம். ஒரே தாளம் நான்கு முறை. பொருள் தெரியாதவர்கூட இதைத் தலையாட்டிக்கொண்டு கேட்பதன் இரகசியம் இதுதான். வாய்பாட்டை மாற்றினால் தாளம் மாறும். கம்பர் காட்சிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே போவார்.

கட்டளைக் கலித்துறையில் எழுத்துக் கணக்கும் உண்டு. புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரில் தொடங்கும் அடியில் 16, நிரையில் தொடங்கும் அடியில் 17. அபிராமி அந்தாதியின் 'உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்' என்ற அடியை எண்ணிப் பாருங்கள், 17 இருக்கும். சிந்து, கும்மி போன்றவை இசையோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை, தாளில் வைத்து அலகிட்டால் பாதிதான் புலப்படும்.

யாப்பே இல்லாத கவிதைகளை எப்படி அணுகுவது?

பாரதி வசன கவிதை எழுதினார். ந. பிச்சமூர்த்தி போன்றோர் அந்த வழியில் நடந்தார்கள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு ஒரு களமானது. இங்கே அலகிட எதுவும் இல்லை. அப்படியானால் உறுப்புகளே இல்லையா?

இந்த இடத்தில் காரிகையை மூடிவிட்டுத் தொல்காப்பியத்தைத் திறக்கலாம். செய்யுளியல் 34 உறுப்புகளைப் பட்டியலிடுகிறது. அசை, சீர், அடி அவற்றில் ஒரு பகுதிதான். யார் பேசுகிறார் (கூற்று), யாரிடம் (கேட்போர்), எந்த இடத்தில் (களன்), எப்போது (காலம்), சொல்லாமல் விட்டது என்ன (எச்சம்), எந்த உணர்வு (மெய்ப்பாடு) என்பவையும் செய்யுளின் உறுப்புகள் என்றே அது எண்ணுகிறது. புதுக்கவிதை கைவிட்டது முதல் பகுதியை மட்டுமே. ஒரு புதுக்கவிதை புரியவில்லை என்று வைத்தால், அதற்குப் பொழிப்புரை தேடுவதற்கு முன் இந்த ஆறு கேள்விகளையும் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் 'யார் பேசுகிறார்' என்பதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வரி உடைப்பை மட்டும் நம்பி எழுதப்பட்டவை இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நிற்கும். அவற்றை அடையாளம் காணவும் இது உதவும்.

இனி பயிற்சி. நாளுக்கு இரண்டு மூன்று குறள் அலகிடுங்கள், வாய்விட்டுப் படித்துக்கொண்டே. கை வேகம் பிடித்ததும் வெண்பாக்காரர்களின் பழைய விளையாட்டுக்கு வரலாம். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், மற்றவர் முன்னடியைப் போட்டு முடிக்க வேண்டும். உங்களுக்கு ஓர் ஈற்றடி:

மழைக்குப் பிறகு வெயில்

மழைக்/குப் புளிமா, பிற/கு புளிமா, வெயில் மலர். முதல் அடியில் நான்கு சீர் வேண்டும். எதுகைக்குக் குறிலில் தொடங்கி இரண்டாம் எழுத்து ழகரமாக வரும் சொல்லைப் பிடியுங்கள், 'பிழை', 'குழந்தை' என்று எத்தனையோ இருக்கின்றன. ஈற்றடி நிரையில் தொடங்குவதால் உங்கள் நான்காம் சீர் மாச்சீராக இருக்க வேண்டும்.